பழைய டீசல் சொகுசுக் கார்: வாங்கிய பிறகு வரும் நோய்கள்

பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என்னைச் சுற்றி நின்றவர்களில் நான்கு பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சார், பழைய ஜெர்மன் டீசல் கார் ஒன்று சல்லிசாக வருகிறது, வாங்கலாமா?" நால்வருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல் என்று ஆசிரியரிடம் இடம் கேட்டு வாங்கினேன்.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வே டீசல் ஷெட்டில் சேர்ந்தவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி டபிள்யூ.டி.எம்.2 ரக லோகோக்களோடு போனது. பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத் திறன். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரில் நான்கு சிலிண்டர். ஆனாலும் டீசல் இன்ஜினின் குணம் ஒன்றுதான். காற்றை அழுத்திச் சூடாக்கு, அதில் எண்ணெயைப் பொடியாகத் தூவு, தானே பற்றிக்கொள்ளும். காற்று குறைந்தால் கரும்புகை, எண்ணெய் சரியாகத் தூவாவிட்டால் நடுக்கம், மசகு எண்ணெய் கெட்டால் மரணம். லோகோவுக்கும் காருக்கும் இந்த மூன்றும் பொது.

முதலில், இந்தக் கார்கள் ஏன் மலிவாக வருகின்றன என்பதைப் பார்த்துவிடுவோம். டில்லியில் 10 வருடத்தைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025இல் சில தளர்வுகள் வந்தன என்றாலும், இடைப்பட்ட வருடங்களில் எட்டு, ஒன்பது வயதான டீசல் கார்கள் அங்கிருந்து பிற மாநிலங்களுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தன. நம் புனேவுக்கும் வந்தன. 45 லட்சம் ரூபாய் வண்டி ஒன்பதரை லட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். காரின் விலைதான் குறைந்ததே தவிர, அதன் உதிரிபாகத்தின் விலை குறையவில்லை. ஒன்பதரை லட்சத்துக்கு வாங்கியவரும் 45 லட்சம் ரூபாய்க் காரின் பாகத்தைத்தான் வாங்க வேண்டும்.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் 2023இல் இப்படி ஒரு காரை வாங்கினார். பெயர் வேண்டாம் என்றார், விவரம் எழுதலாம் என்றார். 2014 மாடல், டில்லிப் பதிவு, மீட்டரில் 61,000 கிலோமீட்டர். பெண் கல்யாணம் முடிந்து கையில் மிஞ்சிய பணம். வயதான தாயாரை அந்தக் காரில் உட்காரவைத்துக் கும்பகோணம் அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அவர் வண்டிக்கு வந்த தொல்லைகளை வந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஒன்று இன்னொன்றை எப்படிப் பெற்றெடுத்தது என்று பாருங்கள்.

கரும்புகை

வாங்கி ஆறாவது வாரம், சாத்தாரா சாலையில் கம்பாட்கி மலையேற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. இன்ஜின் விளக்கு எரிந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்கும் அளவுக்குக் கரும்புகை. ஒர்க்ஷாப்பில் பார்த்துவிட்டு, "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டோடுதான் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

எங்கள் ஷெட்டில் ஒரு லோகோ கரும்புகை விடுகிறது என்று வந்தால் டர்போவில் யாரும் கை வைக்க மாட்டார்கள். லோட் பாக்ஸில் கட்டி, எட்டாவது நாட்ச் வரை கொண்டுபோய், பூஸ்டர் காற்றழுத்தம் எவ்வளவு என்று முதலில் படிப்போம். அழுத்தம் குறைவு என்றால், காற்று உற்பத்தியே இல்லையா, அல்லது உற்பத்தியான காற்று வழியில் கசிகிறதா என்பது அடுத்த கேள்வி. டர்போ என்பது கிணற்று மோட்டார் போல. தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரை மாற்றுவதற்கு முன் குழாயைப் பார்க்க வேண்டாமா?

காரிலும் அதேதான். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவினேன். விரலெல்லாம் எண்ணெய். வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு அங்குல நீளத்துக்கு வெடிப்பு. வண்டி நிற்கும்போது வெடிப்பு மூடிக்கொள்ளும், மலையில் அழுத்தம் ஏறும்போது வாயைத் திறக்கும். உள்ளே வரும் காற்றை வாசலிலேயே ஒரு சென்சார் அளக்கிறது. அந்த அளவுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் டீசலை விடுகிறது. அளந்த காற்று வழியில் ஓடிப்போனால், அளவுக்கு மீறிய டீசல் சிலிண்டருக்குள் போய்ப் பாதி வெந்து கரியாக வெளியேறும். குழாயை மாற்றியதும் புகை நின்றது. டர்போ இன்றுவரை அதே டர்போதான்.

எண்ணெய் மட்டம் ஏறுகிறது

இங்கேதான் பலர் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் வெடித்த குழாயோடு எத்தனை மாதம் அந்த வண்டி ஓடியதோ, அந்தக் கரியெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

உயர்ரக டீசல் கார்களின் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கும். பி.எஸ்.4 காலத்தில் சில கார்களில் மட்டும் இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் எல்லா டீசல் காரிலும் உண்டு. வடிகட்டி நிறைந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே கொஞ்சம் அதிக டீசலைத் தாமதமாகத் தூவி, வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். இதற்கு நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் இருபது நிமிட ஓட்டம் வேண்டும். நம் நண்பருக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் நாலு கிலோமீட்டர். எரிக்க ஆரம்பிக்கும், அதற்குள் ஆபீஸ் வந்துவிடும், சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். மறுநாளும் அதே கதை.

எரியாமல் போன அந்த டீசல், சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து கீழே மசகு எண்ணெயில் கலக்கும். சில மாடல்களில் எண்ணெய் பார்க்கும் கம்பியே கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். நண்பர் வண்டியிலும் அப்படித்தான். "எண்ணெய் குறையவே இல்லை சார், ஏறியிருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இன்ஜினில் எண்ணெய் தானாக ஏறாது. ஏறினால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று பொருள்.

ஷெட்டில் இதற்கு ஆய்வுக்கூடமே உண்டு. லோகோவின் எண்ணெயை எடுத்து, இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவியில் பார்த்து, எந்த பேரிங் தேய்கிறது என்பதை இன்ஜினைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள். வீட்டில் அதற்கு வழியில்லை. ஆனால் மை ஒற்றும் தாள் சோதனையை எவரும் செய்யலாம். சூடான இன்ஜினிலிருந்து எடுத்த ஒரு சொட்டை வெள்ளை ஒற்றுத்தாளில் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் கறுப்பு, சுற்றிலும் மெல்ல வெளிறும் வட்டம் என்றால் பரவாயில்லை. கறுப்பு நடுவிலேயே திட்டாக நின்றால் எண்ணெய் கரியைத் தாங்கும் சக்தியை இழந்துவிட்டது. வெளியோரத்தில் அகலமாக, நிறமில்லாத ஈர வளையம் தெரிந்தால் டீசல் கலந்திருக்கிறது. நண்பருக்கு அந்த வளையம் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக வந்தது.

வடிகட்டியை அறுத்து எறிந்துவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றி வைக்கலாம் என்று ஒரு மெக்கானிக் யோசனை சொன்னார். செலவு குறைவுதான். சட்டப்படி தவறு, நம் குழந்தைகள் சுவாசிக்கும் தெருவில் அந்தக் கரியைக் கொட்டுகிறோம் என்பது அதைவிடத் தவறு. நான் கூடாது என்றேன். ஸ்கேனர் மூலம் கட்டாய எரிப்பு செய்து, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினோம். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ரக எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது, அது வடிகட்டியிலேயே தங்கிவிடும். வண்டியை நிறுத்திய பிறகும் மின்விசிறி ஓடினால், அல்லது நிற்கும்போது இன்ஜின் வேகம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், எரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அப்போது அணைக்காமல் ஒரு சுற்றுப் போய்வாருங்கள்.

காலைச் சத்தம்

எண்ணெய் மாற்றிய மறுநாள் காலை, நான் கேட்டுக்கொண்டபடி, குளிர்ந்த இன்ஜினை என் எதிரில் ஸ்டார்ட் செய்தார். முதல் இரண்டு மூன்று நொடிக்கு டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போல ஒரு சத்தம், பிறகு அமைதி. "டீசல் என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும்" என்றார். அது டீசல் தட்டும் சத்தமல்ல.

எங்கள் லோகோவில் கேம் தண்டைப் பல்சக்கரங்கள் சுழற்றும். காரில் அதற்குச் சங்கிலி. சங்கிலியை விறைப்பாகப் பிடிப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர். சங்கிலி பிளாஸ்டிக் வழிகாட்டிகளின் மேல் வழுக்கி ஓடும். டீசல் கலந்து நீர்த்த எண்ணெயில் மாதக்கணக்கில் ஓடினால் இந்த மூன்றும் தேயும். சங்கிலி ஒரு பல் நழுவினாலே வால்வும் பிஸ்டனும் மோதும் ஆபத்து உண்டு, அறுந்தால் தப்பாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி ஆனால் இன்ஜினோடு பவர் ஸ்டியரிங்கின் உதவியும், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக்கின் உதவியும் போய்விடும். இதில் இன்னொரு கொடுமை, சில ஜெர்மன் டீசல் இன்ஜின்களில் இந்தச் சங்கிலி கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிறது. இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் தொட முடியாது.

கும்பகோணம் பயணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவர் மனைவி, "அண்ணா, போய்ட்டு வந்து பார்த்துக்கலாமா?" என்று கேட்டார். கேள்வியில் தவறில்லை, மாமியார் ஒரு மாதமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஒன்று மட்டும் சொன்னேன். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்ப்போம், சுத்தமாக இருந்தால் போய்வாருங்கள். கழற்றினோம். சல்லடையில் விரல் நகம் அளவில் இரண்டு பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டுகள். வழிகாட்டி உடைய ஆரம்பித்துவிட்டது. இன்னும் நாலு துண்டு விழுந்து சல்லடை அடைத்தால் எண்ணெயே மேலே ஏறாது.

நண்பர் ரொம்ப நேரம் அந்தத் துண்டுகளையே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்தது, அதில்தான் போய்வந்தார்கள். சங்கிலி, டென்ஷனர், வழிகாட்டி மூன்றும் மாற்ற இரண்டு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. "டர்போவுக்குக் கொடுத்திருந்தால் இதற்குக் காசே இருந்திருக்காது" என்றார்.

மற்றவை, சுருக்கமாக

நிற்கும்போது வண்டி நடுங்கினால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். சாதாரண சோலினாய்டு வகை என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரே அளவான சிறு பாட்டிலில் விட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். எந்த பாட்டில் சீக்கிரம் நிறைகிறதோ அது தேய்ந்தது. பீசோ வகைக்கு இது செல்லாது, ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். புது இன்ஜெக்டரின் மேல் பொறித்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள், பல ஒர்க்ஷாப்பில் விட்டுவிடுகிறார்கள். பழைய லோகோ, லாரிப் பழக்கத்தில் ஓடும் இன்ஜினின் டீசல் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். இந்தக் கார்களில் அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று விற்பவர் சொல்வார். அந்தப் பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. காற்றுப் பை சஸ்பென்ஷன் உள்ள வண்டி இரவு முழுக்க நின்று காலையில் ஒரு பக்கம் படுத்திருந்தால், பை கசிகிறது. உடனே பார்க்காவிட்டால் கம்ப்ரஸர் ஓடி ஓடி எரிந்து, செலவு இரட்டிப்பாகும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்கள் கேட்க வேண்டும். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டி, டயர் இரண்டாவது முறை மாற்றியதாக இருந்தால் கணக்கு இடிக்கிறது. ஸ்கேனரில் கோளாறு எதுவும் இல்லை என்று காட்டினால் அதோடு விடாதீர்கள். கோளாறுக் குறிப்புகளை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு வரி அதிலேயே இருக்கும். அது 12 கிலோமீட்டர் என்றால் நேற்று மாலைதான் துடைத்திருக்கிறார்கள்.

அந்தச் சிறு ஸ்கேனர் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் சங்கத்தில்தான் இருப்பேன். வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் முந்தின இரவே அங்கு நிறுத்திவிட்டுப் போனால் நல்லது, குளிர்ந்த இன்ஜினில்தான் எனக்கு வேலை.