ஓய்வுக்கால வீடா? ஆலயத்தையும் பார்த்து வாங்குங்கள்!

கோவையைச் சுற்றியுள்ள முதியோர் குடியிருப்புகளில் வீடு தேடும் கிறிஸ்தவர்கள் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று மறக்காமல் கேட்கிறார்கள். ஆலயத்தை மட்டும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவதுண்டு. முன்பணம் கட்டுமுன் ஒரு ஞாயிறு காலை ஆலயத்துக்கே போய்ப் பாருங்கள். வாசலில் எத்தனை படி, கைப்பிடியும் சாய்தளமும் உண்டா, ஆராதனை நேரத்துக்கு வண்டி கிடைக்குமா என்பவை கிலோமீட்டர் கணக்கைவிட முக்கியம். பக்கத்து ஆலயமே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடி நற்கருணை கொண்டுவரும் ஆலயம் சற்றுத் தள்ளியிருந்தாலும், முழங்கால் ஒத்துழைக்காத நாளில் அதுதான் நமக்கு அருகில் இருப்பது.

‘யூடியூபிலேயே ஆராதனை வருகிறதே’ என்பார்கள். பிரசங்கம் திரைவழி வரும். அப்பமும் திராட்சரசமும் வராது. வளாகத்துக்குள் நடக்கும் ஜெபக்கூட்டம் நல்ல துணைதான்; ஆனால் அது சபை உறுப்பினர் என்ற உரிமையைத் தராது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போது பல சபைகள் பார்ப்பது உறுப்பினர் பதிவேட்டைத்தான். ஆகவே சி.எஸ்.ஐ. சபையார் பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். கத்தோலிக்கர் புதிய பங்கில் பெயரைப் பதியுங்கள். அடக்க விதிமுறைகளையும் குடியேறிய முதல் மாதமே கேட்டு எழுதிவைத்தால், பிள்ளைகள் கடைசி நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.