பத்துக் குடம் தண்ணீர்

சுள்ளிக்கல் கொச்சி நகரத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் போகிற வழியில் உள்ள ஊர் அது. வீடுகள் நெருக்கமானவை. சந்துகள் குறுகலானவை. சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் இடங்களும் உண்டு.

இந்த ஊரைச் சுற்றித் தண்ணீர்தான். ஒரு பக்கம் அரபிக்கடல். மறுபக்கம் காயல். வானத்திலிருந்து விழுவதும் கொஞ்சமல்ல. தமிழ்நாட்டில் ஒரு வருடத்தில் சராசரியாக ஏறக்குறைய 950 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கேரளத்தில் ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர். மூன்று மடங்கு!

ஆனாலும் இங்கே குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு உண்டு. கடலோர மணல் பூமி இது. கோடையில் கிணறுகளில் உப்பு ஏறிவிடும். பழைய காலத்தில் வசதி உள்ளவர்கள் பெரியாற்றுத் தண்ணீரைப் படகில் வரவழைத்துக் குடித்தார்கள். இல்லாதவர்கள் கிடைத்ததைக் குடித்தார்கள். இன்று பெரியாற்றிலிருந்தும் மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்தும் குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. அது நெடுந்தூரம் வர வேண்டும். வழியில் எங்கே பழுது ஏற்பட்டாலும், குழாயின் கடைசியில் இருக்கும் வீடுதான் காய்ந்து போகும்.

2023-ஆம் ஆண்டு அப்படித்தான் நடந்தது. பிறவம் பக்கத்தில் பாழூர் என்ற இடத்தில் ஆற்று நீரை இறைக்கும் நிலையம் இருக்கிறது. அங்கே இருந்த மூன்று பெரிய பம்புகளில் இரண்டு பழுதாயின. பிப்ரவரி மாதத்தில் மேற்குக் கொச்சி மக்கள் வாரக் கணக்கில் தவித்தார்கள். டேங்கர் லாரியில் தண்ணீர் வந்தது. பெரிய லாரி நுழைய முடியாத சந்துகளில் இருந்தவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பற்றாக்குறை என்றால் என்ன?

ஒரு பொருள் கொஞ்சமாக இருந்தால் மட்டும் அது பற்றாக்குறை ஆகிவிடாது. கடலில் உப்பு நீர் நிறைய இருக்கிறது. அதைக் குடிக்க முடியாது. அரைக் குடம் நல்ல தண்ணீர்தான் இருக்கிறது, அதைக் கேட்க ஆளே இல்லை என்றால் அங்கேயும் பற்றாக்குறை இல்லை. தேவைகள் பல, பொருள் அத்தனைக்கும் போதாது என்னும்போதுதான் பற்றாக்குறை வருகிறது. ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றுக்கு இல்லை.

சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஐந்து பேர். கிணறு கிடையாது. லாரியில் பத்துக் குடம் தண்ணீர் கிடைத்திருக்கிறது. ஒரு குடத்தில் 15 லிட்டர். அந்த வீட்டின் ஒரு நாள் தேவை இது:

குடிக்க 1 குடம்
சமைக்க 2 குடம்
பாத்திரம் கழுவ 2 குடம்
குளிக்க 5 குடம்
துணி துவைக்க 3 குடம்
கழிப்பறைக்கு 3 குடம்

கூட்டிப் பாருங்கள். 16 குடம் வருகிறது. இருப்பதோ 10. ஆறு குடத்தை எங்கே குறைப்பது?

குடிக்கும் தண்ணீரில் கை வைக்க முடியாது. சமையலிலும் முடியாது. இன்று துணி துவைக்க வேண்டாம் என்று முடிவு செய்தால் மூன்று குடம் மிச்சம். வீட்டில் இருக்கும் இரண்டு பேர் குளிக்காமல் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் இரண்டு குடம் மிச்சம். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழிப்பறைக்கு ஊற்றினால் ஒரு குடம் மிச்சம். ஆறு வந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் ஐந்து குடத்துக்காக ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. துவைத்த துணி போயிற்று. குளியல் போயிற்று. ஆறாவது குடத்துக்காக யாரும் எதையும் இழக்கவில்லை. ஒரே தண்ணீர் இரண்டு வேலை செய்தது. வளத்தைத் திறமையாகப் பயன்படுத்துவது என்பது இதுதான். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்குப் பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் மாட்டுக்கு வைக்கும் பாட்டிக்கு இது எப்போதோ தெரியும்.

இலவசத் தண்ணீரின் விலை

லாரித் தண்ணீருக்குக் காசு வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்தப் பத்துக் குடத்தின் விலை என்ன? ஒன்றுமில்லை என்று சொல்லத் தோன்றும்.

லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் காத்திருக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவர். உரித்த அளவுக்குத்தான் கூலி. நாள் முழுவதும் உரித்தால் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்காக அரை நாள் நின்றால் 300 ரூபாய் போய்விடும். 300 ரூபாய்க்குப் பத்துக் குடம். ஒரு குடம் 30 ரூபாய்!

ஒன்றைப் பெறுவதற்காக எதைக் கைவிடுகிறோமோ, அதுவே அதன் உண்மையான விலை. கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் இந்த விலை இருக்காது.

அந்தப் பெண் வேலைக்குப் போய்விட்டு மகளை நிறுத்தலாம். அப்போது 300 ரூபாய் தப்பும். பள்ளிக்கூடம் போகும். பல வீடுகளில் இந்தத் தேர்வுதான் நடக்கிறது. ஏனென்றால் கூலி போனால் அன்று இரவே தெரியும். பாடம் போனால் பல வருடம் கழித்துத்தான் தெரியும். சுள்ளிக்கல் இருக்கும் எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த மாவட்டத்திலும் குடத்தோடு ஒரு பெண் பிள்ளை வரிசையில் நின்றால், அந்த நாளின் பாடம் அவளுக்கு இல்லைதான்.

பணம் உள்ள வீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடையிலிருந்து கேன் வரும். பற்றாக்குறை எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்கு ஒருவர் பணமாக விலை கொடுக்கிறார், இன்னொருவர் நேரமாகக் கொடுக்கிறார்.

வெயிலும் ஒரு வளம்

சுள்ளிக்கல்லிலிருந்து அதிக தூரம் இல்லை, ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற இடம். அங்கே ஒரு சலவைக்கூடம் உண்டு. தோபி கானா என்பார்கள். அங்கே வேலை செய்பவர்கள் தமிழர்கள், வண்ணார் சமூகத்தினர். டச்சுப் படைவீரர்களின் துணிகளை வெளுக்கத் தங்கள் முன்னோர்கள் தமிழ் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள் என்று அவர்கள் சொல்லி வருகிறார்கள். டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்டவர்கள். முன்பு குளக்கரைகளில் துவைத்தார்கள். 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இப்போதுள்ள கூடத்தைக் கட்டிக் கொடுத்தது. வண்ணார் சங்கம் அதை நடத்துகிறது.

கூடத்தில் துவைப்பதற்குத் தனித்தனித் தடுப்புகள் உண்டு. தொட்டியும் கல்லும் ஒவ்வொரு தடுப்பிலும் இருக்கும். ஆனால் காயப்போடும் மைதானத்துக்கு மேலே இருக்கும் வெயில் எல்லோருக்கும் ஒன்றே. இரண்டு கயிறுகளை முறுக்கி இழுத்துக் கட்டியிருப்பார்கள். முறுக்கின் இடையில் துணியின் நுனியைச் செருகிவிட்டால் போதும், கிளிப் தேவையில்லை. கிளிப்புக்குக் கொடுக்கும் காசும் மிச்சம், அதைப் போட்டு எடுக்கும் நேரமும் மிச்சம்.

கோடையில் வெயிலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கயிற்றில் இடம் இருக்கிறதா என்பதுதான் கவலை. ஜூன் மாதம் மழை தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். கயிறு காலியாகக் கிடக்கும், வெயில் இருக்காது. எது தட்டுப்பாடு என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது.

மழையைப் பிடித்தால் தீராதா?

இத்தனை மழை பெய்கிறதே, பிடித்து வைத்தால் என்ன? நல்ல கேள்விதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 3000 மில்லிமீட்டர் பெய்தால் 3000 லிட்டர். ஐந்து மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம் உள்ள சின்ன வீட்டின் கூரை 20 சதுர மீட்டர். அதில் வருடத்துக்கு 60,000 லிட்டர் விழும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லிட்டர் என்றால், வருடத்துக்கு 18,250 லிட்டர்தான் வேண்டும். சிந்தியது, சிதறியது போனாலும் மிஞ்சும்.

ஆனால் மழை நாள்தோறும் பெய்வதில்லை. பெரும்பகுதி சில மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. 60,000 லிட்டரையும் சேர்த்து வைக்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? ஐந்து மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். அந்த வீடே அந்த அளவுதான்! தண்ணீர்ப் பற்றாக்குறை தீர்ந்தது. இடப் பற்றாக்குறை வந்துவிட்டது. நெருக்கமான ஊரில் இடத்தின் விலை தண்ணீரின் விலையைவிட அதிகம்.

அதற்காக மழையை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. 2000 லிட்டர் தொட்டி ஒரு மூலையில் அடங்கும். நாளுக்கு 50 லிட்டர் எடுத்தால் 40 நாள் வரும். 2023-இல் வந்தது போன்ற ஒரு கஷ்ட காலத்தைச் சமாளிக்க அது உதவும். தொட்டிக்குக் காசு? அதற்கும் எதையோ விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். நாலு வீடுகள் சேர்ந்து ஒரு தொட்டி வாங்கலாம். பள்ளிக்கூடம், மசூதி, மாதா கோவில் ஆகியவற்றின் கூரைகள் பெரியவை. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. ஆனாலும் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. குழி வெட்டி மழையை மண்ணுக்குள் விட்டால் மட்டும் போதாது. குழியைத் தூர்வார வேண்டும். எடுக்கும் தண்ணீருக்கும் கணக்கு வேண்டும்.

அரசாங்கத்துக்கும் இதே சங்கடம் உண்டு. கையில் இருக்கும் பணம் ஒன்று. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளி, குழாய் எனக் கேட்பவை பல. உபரியாக ஒரு பம்பு வாங்கி வைத்தால் பணம் சும்மா கிடப்பது போலத் தோன்றும். அது சும்மா கிடக்கவில்லை என்பது பம்பு பழுதாகும் நாளில்தான் தெரியும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவாகிறது? எழுதிப் பாருங்கள். அதில் பாதிதான் கிடைத்தால் எதை நிறுத்துவீர்கள்?

2. உங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்கக் காத்திருப்பவர் யார்? அந்த நேரத்தில் அவர் வேறு என்ன செய்திருப்பார்?

3. உங்கள் தெருவுக்கு ஒரு பொதுத் தொட்டி வருகிறது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று கொடுக்கலாமா, ஆளுக்கு இத்தனை குடம் என்று கொடுக்கலாமா? எது சரி? ஏன்?

4. உங்கள் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்குங்கள். வந்த எண்ணை உங்கள் ஊரின் மழை அளவால் பெருக்குங்கள். எத்தனை லிட்டர்?