நள்ளிரவில் ஒலித்த மணி

வழிச்செல்வோர்க்கு உணவும் உறைவிடமும் அளிப்பதை அறமாகப் போற்றியது தமிழகம். அவ்வறத்தைக் குடும்பக் கடமையாகவே ஏற்று நடத்தியோர் தஞ்சை மராட்டிய அரசர்கள். இராமேசுவரம் நோக்கிச் செல்லும் நெடுவழியில் அவர்கள் எழுப்பிய சத்திரங்கள் பல, அரசகுல மகளிரின் பெயர்களைத் தாங்கின. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரமோ, மறைந்துபோன தம் அன்புக்குரியவளின் நினைவாக இரண்டாம் சரபோசி மன்னர் 1802இல் அமைத்தது.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சரபோசி, நாட்டின் ஆட்சியுரிமையை ஆங்கிலேயக் கம்பெனியிடம் இழந்தார். சத்திரங்களும் கைவிட்டுப் போகுமோ என்னும் நிலை எழுந்தது. அதனால், 1801 சனவரியில் கம்பெனியின் பிரதிநிதிக்கு மடல் எழுதி, சத்திரங்களின் நடைமுறையை மன்னர் விளக்கினார்.

எச்சாதியினராயினும், யோகியராயினும் பக்கிரிகளாயினும், வந்தோர் அனைவர்க்கும் சோறு உண்டு. சமைத்த உணவை ஏலாதோர் அரிசியாகப் பெற்றுக்கொள்வர். பயணத்தைத் தொடரவியலாத நோயாளரை, நலம்பெறும்வரை மருத்துவர் பேணுவர். பச்சிளங்குழந்தைகளுக்குப் பால் வழங்கப்படும். ஆதரவற்ற பிள்ளைகள் ஆசிரியர் பொறுப்பில் கல்வி பயில்வர். நாள்தோறும் மூவேளை உண்பர். நள்ளிரவில் மணி ஒலிக்கும். இன்னும் உண்ணாதோர் வந்து உண்ணுமாறு அறிவிக்கப்படும்.

உறங்கிவிட்ட வழிப்போக்கரும் பசித்திருத்தலாகாது என்பதே அம்மணியின் பொருள். நாடிழந்த நிலையிலும் மன்னர் காக்க முனைந்தது அந்த மணியோசையைத்தான். ஒரத்தநாட்டுச் சத்திரம் பிற்காலத்தில் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது. வழிப்போக்கர்க்கு நிழல் தந்த கூரை, கற்க வந்தோர்க்கும் நிழல் தந்தது.