நிமிர்ந்து நின்ற நங்கை
வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம்

 

ஆண்டுதோறும் நம் பள்ளி மலரில் ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாற்றையோ, அறிவியல் பாடம் ஒன்றையோ எழுதுவது என் வழக்கம். இவ்வாண்டு விளையாட்டு வீராங்கனை ஒருவரின் வரலாற்றை எழுதுகின்றேன். ‘படிப்பை விட்டுவிட்டு விளையாட்டைப் பற்றித் தலைமையாசிரியர் ஏன் எழுதுகின்றார்?’ என்று பெற்றோருள் சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய காரணத்தை இறுதியில் கூறுவேன். முதலில் ஆட்டத்தை அறிவோம். பின்னர் ஆட்டக்காரரை அறிவோம்.

ஆட்டத்தின் தோற்றம்

1891 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அவ்வாட்டம் இங்கிலாந்து சென்றபோது, பெண்களுக்கு ஏற்றவாறு அதன் விதிகள் மாற்றப்பட்டன. 1901 ஆம் ஆண்டில் தனி விதிகள் அச்சாயின. அதுவே வலைப்பந்தாட்டம். முதல் உலகப் போட்டி 1963 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் நடைபெற்றது. ஆஸ்திரேலியா வாகை சூடியது. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் வலைப்பந்து முதன்முதலாகப் பதக்கத்திற்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது நம் கோலாலம்பூரில்தான். 1998 ஆம் ஆண்டில் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஆட்டத்தின் அமைப்பு

ஆடுகளத்தின் நீளம் 30.5 மீட்டர், அகலம் 15.25 மீட்டர். நீளவாக்கில் அது மூன்று சம பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் 4.9 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் ஒன்று உண்டு. கம்பத்தின் உச்சியில் உள்ள வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

ஓர் அணிக்கு எழுவர். ஜி.எஸ்., ஜி.ஏ., டபிள்யு.ஏ., சி., டபிள்யு.டி., ஜி.டி., ஜி.கே. என்னும் எழுத்துகளை அவர்கள் அணிந்திருப்பர். எந்த எழுத்தை அணிந்தவர் எந்தப் பகுதிக்குள் செல்லலாம் என்பதற்கு வரையறை உண்டு. கோல் எறியும் உரிமை ஜி.எஸ்., ஜி.ஏ. ஆகிய இருவருக்கு மட்டுமே; அதுவும் அரைவட்டத்தின் உள்ளே நின்றுதான் எறிதல் வேண்டும். பந்தைப் பிடித்தவர் அதனோடு ஓடலாகாது. தட்டிக்கொண்டு செல்லவும் கூடாது. மூன்று வினாடிக்குள் அடுத்தவருக்கு வழங்கிவிட வேண்டும். தடுப்பவர், பந்தை வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும்.

இவ்விதிகளை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். இவ்வாட்டத்தில் எவராலும் தனியொருவராகப் பந்தைக் கொண்டு சென்று கோல் போட இயலாது. கோல் எறிபவர் எத்துணைத் திறமையுடையவராயினும், பிறர் கொடுத்தால்தான் அவர் கைக்குப் பந்து வரும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு மேலே படியுங்கள்.

பிறந்த மண்

தர்ஜினி சிவலிங்கம் 1979 ஆம் ஆண்டில் பிறந்தவர். இலங்கையின் வடபால் உள்ள யாழ்ப்பாணத்தில், புன்னாலைக்கட்டுவன் என்னும் சிற்றூர் அவருடைய ஊர். செம்மண் நிலமும், கிணற்று நீர்ப் பாசனமும், பனைமரங்களும் நிறைந்த வேளாண் பகுதி அது.

அவர் நான்கு வயதுக் குழந்தையாக இருந்த 1983 ஆம் ஆண்டில் மூண்ட உள்நாட்டுப் போர், அவருக்கு முப்பது வயதான 2009 ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. அவ்வூர் அமைந்துள்ள வலிகாமப் பகுதி மக்கள் 1995 ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். குழந்தைப் பருவமும், பள்ளிப் பருவமும், இளமையும் போர்க்காலத்திலேயே கழிந்த ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். நல்ல திடலும் நாள்தோறும் பயிற்சியும் அத்தலைமுறைக்கு எளிதிற் கிட்டியவை அல்ல.

இவற்றோடு இன்னொரு துன்பமும் அவருக்கு இருந்தது. அதுவே அவருடைய உயரம். அவர் வளர்ந்து அடைந்த உயரம் 2.08 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறடி பத்தங்குலம். ஆண்மகன் இவ்வுயரம் வளர்ந்தாலே ஊரார் திரும்பிப் பார்ப்பர். பெண் வளர்ந்தால் கேட்க வேண்டுமா? இளமையில் தம் உயரம் கேலிக்கு இலக்கானதைத் தர்ஜினி பிற்காலத்தில் செய்தியாளர்களிடம் கூறியிருக்கின்றார். எனினும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. மட்டக்களப்பை அடுத்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து உயர்கல்வி பயின்றார். வலைப்பந்தாட்டத்திலும் முன்னேறி, நாட்டின் அணியில் இடம் பெற்றார். உலகிலேயே மிக உயரமான வலைப்பந்து வீராங்கனை என்று இன்று அவர் போற்றப்படுகின்றார்.

ஒரு சிறு கணக்கு

நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் உயரம் 1.45 மீட்டர் என்று கொள்வோம். அவளுடைய உச்சந்தலைக்கும் வளையத்திற்கும் இடையே உள்ள தொலைவு 3.05 - 1.45 = 1.60 மீட்டர். தர்ஜினிக்கோ 3.05 - 2.08 = 0.97 மீட்டர்; ஒரு மீட்டருக்கும் குறைவு. அவர் கையை உயர்த்திப் பந்தைப் பிடித்துவிட்டால், 0.9 மீட்டர் தள்ளி நிற்கும் எதிரணியினர் அதனைத் தொடுவது அரிது.

அப்படியானால், உயரம் இருந்தால் போதுமா? போதாது. வளையத்தின் உட்குறுக்களவு 38 சென்டிமீட்டர். பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். மீதமிருக்கும் இடம் ஒரு சாணுக்கும் குறைவு. மணிக்கட்டும் விரல்களும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இயங்கினால்தான் பந்து உள்ளே விழும். மேலும், எதிரணியினர் வாளாவிருப்பார்களா? அவர் நிற்க விரும்பும் இடத்தில் முன்கூட்டியே வந்து நிற்பர். இருவராகச் சூழ்ந்து கொள்வர். பந்து அவரை அடையும் முன்னரே வழியில் பறிக்க முயல்வர். அறுபது நிமிட ஆட்டம் முழுவதும் இடம் பிடித்து, நிலை தளராது நின்று, உயரே வரும் பந்தை ஏந்தி, மனம் பதறாமல் எறிதல் வேண்டும். உயரம் பிறப்பில் வந்தது. ஏனையவை பயிற்சியால் வந்தவை.

வெற்றிப் படிகள்

2009 ஆம் ஆண்டில் ஆசிய வலைப்பந்து வாகையர் போட்டி நம் மலேசியாவில் நடைபெற்றது. எட்டாண்டு இடைவெளிக்குப் பின் இலங்கை அணி கிண்ணத்தை வென்றது. அவ்வணியின் கோல் எறிபவர் தர்ஜினி. போர் முடிவுற்ற அதே ஆண்டில், சிங்களப் பெண்கள் பெரும்பாலோராக இருந்த ஓர் அணியில், யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் ஒருவர் நாட்டிற்காக நின்று கோல் எறிந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பந்தை எறிபவரின் தாய்மொழி வேறு. ஏந்துபவரின் தாய்மொழி வேறு. ஆயினும் மூன்று வினாடிக்குள் ஒருவரையொருவர் நம்பியாக வேண்டும்.

2011 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடைபெற்ற உலக வாகையர் போட்டியில், சிறந்த கோல் எறிபவர் என்னும் பெருமையைத் தர்ஜினி பெற்றார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஜமைக்கா போன்ற வல்லமை மிக்க நாடுகள் பங்கு கொண்ட அரங்கில், சிறு நாடொன்றின் வீராங்கனை இச்சிறப்பை அடைந்தார்.

அதன்பின் ஆசியக் கிண்ணம் இலங்கையின் கைவிட்டுப் போயிற்று. 2012, 2014 ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரும், 2016 ஆம் ஆண்டில் நம் மலேசியாவும் அதனை வென்றன. 2018 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடைபெற்ற இறுதியாட்டத்தில், சதுரங்கி ஜயசூரிய தலைமையிலான இலங்கை அணி சிங்கப்பூரை 69-50 என்னும் கணக்கில் வென்று கிண்ணத்தை மீட்டது. அப்போது தர்ஜினிக்கு வயது 39. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் என்னும் கழகத்திற்கும் அவர் ஆடினார்.

தோல்வியினுள் ஒரு சிறப்பு

2019 ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. அப்போட்டியில் அனைவரிலும் மிகுதியாகக் கோல் போட்டவர் தர்ஜினியே. அவர் போட்ட கோல்கள் 348. ஆனால், அவருடைய அணி பெற்ற இடம் யாது? கலந்துகொண்ட 16 அணிகளுள் பதினைந்தாம் இடம்.

மாணவர்களே, இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குங்கள். ஒருவர் உலகிலேயே முதல்வராக இருந்தும் அணி பின்தங்கலாம். கோல் எறிபவர் தம் கடமையைச் செய்தார். எதிரணியின் கோல்களைத் தடுக்கும் பணி களத்தின் மறுமுனையில் அன்றோ இருந்தது? அவர் அங்கே செல்ல விதி இடந்தராது. தனிமரம் தோப்பாகாது என்று நம் முன்னோர் சொன்னது இதனையே.

இன்னொரு பக்கமும் உண்டு. 348 முறை அவர் கைக்குப் பந்து தானாக வந்துவிடவில்லை. 348 முறையும் தோழியர் எவரேனும் ஒருவர் ஓடி, தப்பி, நிமிர்ந்து பார்த்து, உயர்த்தி எறிந்தார். கணக்கேட்டில் எறிந்து முடித்தவர் பெயரே ஏறும். பந்து கொடுத்தவர் பெயர் கோல் கணக்கில் ஏறாது. தோட்டத்தில் நாளெல்லாம் உழைக்கும் பெற்றோர்களாகிய உங்களுக்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை.

2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 11 ஆம் நாள் சிங்கப்பூரில் இலங்கை அணி மீண்டும் சிங்கப்பூரை 63-53 என்று வென்று ஆசியக் கிண்ணத்தைத் தக்கவைத்துக் கொண்டது. அந்நாடு கடும் பொருளாதார நெருக்கடியில் தவித்துக் கொண்டிருந்த காலம் அது. நாற்பத்து மூன்று வயதில் தர்ஜினி அவ்வணியில் இருந்தார். இளமையில் எந்த உயரம் அவரைக் கூனச் செய்ய முயன்றதோ, அந்த உயரமே அவரைத் தாங்கி நின்றது.

எழுதியதன் காரணம்

இனி, தொடக்கத்தில் கூறாது விட்ட காரணத்தைக் கூறுகின்றேன்.

நம் பள்ளியில் மாணவி ஒருத்தி பயின்று வந்தாள். வயதுக்கு மீறிய உயரம். வகுப்பில் அவளைக் கடைசி வரிசையில் அமர்த்தினோம். காலைச் சபையில் கடைசியில் நிறுத்தினோம். ஆண்டுப் படம் எடுக்கும்போது, “நீ சற்றுக் குனிந்து நில், அம்மா” என்று சொன்னவன் நானே. அன்று அவள் குனிந்தாள். அதன்பின் எப்போதும் தோளைக் குறுக்கியே நடந்தாள். பிறர் ‘பனைமரம்’ என்று அழைத்தபோது நான் கண்டித்தேன். ஆனால், குனியக் கற்றுக் கொடுத்தவன் நான் என்பதை உணரவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளநூல் பயின்றவனுக்கு இது பெருமை தரும் செய்தி அன்று.

தர்ஜினியின் வரலாற்றைப் படித்த பின்னரே என் தவற்றை உணர்ந்தேன். அவளை வலைப்பந்து அணிக்கு அழைத்தேன். தாயார் தயங்கினார். “சாயங்காலம் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஐயா. பொம்பளைப் பிள்ளை, வளர்த்தியும் அதிகம், திடலில் நின்றால் நாலு பேர் பேசுவார்கள்” என்றார். அத்தாயின் கவலையில் நியாயம் இருந்தது. தம்பியையும் திடலுக்கே அழைத்துவரச் சொன்னோம். அவன் கோட்டருகே அமர்ந்து வீட்டுப்பாடம் செய்தான்.

மாவட்டப் போட்டியில் நம் அணி முதற்சுற்றிலேயே தோற்றது. அம்மாணவி ஒன்பது கோல் போட்டாள். எதிரணி பதினான்கு போட்டது. கிண்ணம் ஏதும் நம் அலமாரிக்கு வரவில்லை. ஆயினும், அவ்வாண்டு இறுதியில் படம் எடுத்தபோது அவள் நடுவரிசையில் நிமிர்ந்து நின்றாள். படம் பிடிப்பவர் குனியச் சொன்னார். “வேண்டாம், அப்படியே எடுங்கள்” என்றேன்.

பெற்றோர்களே! விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்ச வேண்டா. தர்ஜினி பல்கலைக்கழகமும் சென்றார். பன்னாட்டு அரங்கிலும் நின்றார். உங்கள் பெண்மக்களுக்கு வாரம் இரண்டு மாலைப்பொழுதைத் தாருங்கள். மாணவர்களே! உங்கள் தோழரின் உயரத்தையோ, குள்ளத்தையோ, நிறத்தையோ சொல்லி எள்ளாதீர்கள். அவரிடம் பந்தைக் கொடுத்துப் பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. வலையத்தின் உயரத்திலிருந்து உன் உயரத்தைக் கழித்து, கிடைக்கும் தொலைவைச் சென்டிமீட்டரில் எழுதுக.

2. உலகிலேயே மிகுதியான கோல் போட்டவர் இருந்தும் 2019 ஆம் ஆண்டில் இலங்கை அணி பதினைந்தாம் இடம் பெற்றது ஏன்? ஆட்ட விதிகளைக் கொண்டு விளக்குக.

3. உன் வீட்டில் பெயர் வெளியே தெரியாமல் ‘பந்து கொடுப்பவர்’ யார்? அவரைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதி, அவருக்கே படித்துக் காட்டுக.

- தலைமையாசிரியர்