பாஷ்யகாரர் ஊரில் தலையெழுத்து

ஸ்ரீபெரும்புதூரில் வினை, மறுபிறவி, மோட்சம் பற்றிப் பேச எடுத்தால் ஆதாரம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 'தானுகந்த திருமேனி'யாக எழுந்தருளியிருக்கும் இராமானுஜர் பிறந்த ஊர் இது; சம்பிரதாயக் கணக்குப்படி 1017, சித்திரைத் திருவாதிரை. பிரம்ம சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம், கீதைக்கு ஒரு பாஷ்யம் என்று வடமொழியில் அவர் எழுதிவைத்ததில் கணிசமான பகுதி இந்த மூன்றையும் பற்றியதுதான். இந்த பாஷ்யங்களை எழுதியதால்தான் அவருக்கு பாஷ்யகாரர் என்றே பெயர். ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை கம்பெனி பஸ்ஸிலும் டீக்கடையிலும் புழங்கும் 'கர்மா' அந்தப் பக்கங்களோடு பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

நம்பிக்கை: எல்லாம் தலையெழுத்து. எழுதினபடிதான் நடக்கும்.

வினையை மூன்றாகப் பிரித்துப் பேசுவது வேதாந்த வழக்கம். பல பிறவிகளாகச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவியில் பலன் கொடுக்கத் தொடங்கிவிட்டது பிராரப்தம். இப்போது செய்து சேர்த்துக்கொண்டிருப்பது ஆகாமியம். தலையெழுத்து என்று நாம் நொந்துகொள்வது நடுவில் உள்ளதை மட்டும்தான். மூன்றாவதை மறந்துவிட்டால், 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று சாஸ்திரம் சொல்வதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். தானாக ஒன்றும் செய்ய முடியாதவனுக்குக் கட்டளை எதற்கு?

இந்தக் கேள்வியை ஸ்ரீபாஷ்யமே இரண்டாம் அத்தியாயத்தில் எடுத்துக்கொள்கிறது. ஜீவன் எதைச் செய்வதற்கும் உள்ளே உறையும் இறைவனின் அனுமதி வேண்டும் என்றால், பாவ புண்ணியம் யார் கணக்கில் சேரும்? முதல் முயற்சி ஜீவனுடையது, அதைப் பார்த்தே இறைவன் அனுமதி தருகிறான் என்பது இராமானுஜர் விடை. அதற்கு அவர் காட்டும் உதாரணம், இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. பங்காளியின் சம்மதம் இல்லாமல் ஒருவர் அதை மூன்றாமவருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் சம்மதத்தை வாங்கியவர் இவரே என்பதால், கொடுத்ததன் பலனும் இவரையே சேரும். கூட்டுப் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தவர்கள் சிப்காட் தொழிற்பேட்டைக் கிராமங்களில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த உதாரணத்தை விளக்க வேண்டியதில்லை.

தலையெழுத்துப் பேச்சுக்கு இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2006-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. வேலை போனவர்களுக்கு ஊர் சொன்ன ஆறுதல் விதி. நடந்தது என்னவோ, வருமான வரித்துறையோடு வழக்கு. அதனால் சொத்து முடக்கம். அதனால் கைபேசி வியாபாரம் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் வெளியே நின்றது. பிறகு ஆர்டர் வற்றியது. பிராரப்தத்தை மனதார நம்புகிறவர்கூட இந்த வரிசையை அழித்துவிட்டு அதை எழுத முடியாது.

நம்பிக்கை: ஒருவர் படும் துன்பம் அவர் முற்பிறவிப் பாவம். நாம் என்ன செய்ய முடியும்?

இந்த வட்டாரத்தில் அதிகம் கெடுதல் செய்வது இதுதான் என்பேன். உதிரிபாக ஒர்க்‌ஷாப்பில் பவர் பிரஸ்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல்தட்டு இறங்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது அது இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எண்ணிக்கை காட்டும் அவசரத்தில் ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிடுவார்கள், அல்லது சென்சாரைக் கழற்றிவிடுவார்கள். விரல் போன பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, 'போன ஜென்மத்துல என்ன பண்ணானோ' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த டேப்பைப் பற்றி அதன்பின் பேச்சே எழாது. அபாயமான பாகங்களுக்குத் தடுப்பு போடுவதற்கென்றே 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவை ஒதுக்கியிருந்தது. அதில் முற்பிறவிக்கு விதிவிலக்கு எதுவும் இருக்கவில்லை.

இந்த நம்பிக்கைக்கு நூலில் இடமே இல்லை என்று மழுப்பவும் முடியாது. ஒருவர் சுகத்தில் பிறக்கிறார், இன்னொருவர் கஷ்டத்தில் பிறக்கிறார். படைத்தவன் பாரபட்சம் உள்ளவனா, இரக்கம் கெட்டவனா என்று பிரம்ம சூத்திரம் கேட்கிறது. இல்லை, அவரவர் வினைக்கு ஏற்பவே என்பது விடை. இராமானுஜரும் அதை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அது கடவுள் மேல் விழும் பழியை நீக்கச் சொன்ன விடை. சூப்பர்வைசர் மேல் விழும் பழியை நீக்குவதற்கு அல்ல. தவிர, இன்ன வினைக்கு இன்ன துன்பம் என்று அடுத்தவர் உடம்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அங்கே யாருக்கும் கொடுக்கப்படவில்லை. வினையின் போக்கு அறிவதற்கு அரியது என்று கீதையின் நான்காம் அத்தியாயத்தில் கண்ணனே சொல்லிவிட்டான்.

தமிழில் இது பழைய சண்டை. பல்லக்கில் போகிறவனையும் அதைச் சுமக்கிறவனையும் வைத்து வள்ளுவர் பாடிய குறளுக்குப் பரிமேலழகர், அறத்தின் பலன் இதுதான் என்று கண்ணெதிரே தெரிகிறதே என்று உரை எழுதினார். அந்த இருவரையும் காட்டி 'இதுதான் அறத்தின் வழி' என்று சொல்லாதே என்கிறது அந்தக் குறள் என்று பின்னால் வந்தவர்கள் பலர் பொருள் கொண்டார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு.

நம்பிக்கை: நிறையப் புண்ணியம் சேர்த்தால் மோட்சம்.

புண்ணியத்துக்குக் கிடைப்பது சொர்க்கம். அது தீர்ந்ததும் மிச்ச வினையோடு திரும்பி இங்கேதான் வர வேண்டும். மோட்சத்துக்குப் பாவம் எப்படி விலங்கோ, புண்ணியமும் அப்படியே விலங்கு. இரண்டும் கழல வேண்டும் என்பது ஸ்ரீபாஷ்யம். பரிகாரப் பட்டியலோடு வருகிறவர்கள் இந்த இடத்தை வாசிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

நம்பிக்கை: மோட்சம் என்றால் கடவுளோடு கலந்து காணாமல் போவது.

எந்த மரபைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. அத்வைதத்தில் ஜீவனும் பிரம்மமும் என்றுமே இரண்டாக இருந்ததில்லை. அதை உணர்ந்தவர் உடம்போடு இருக்கும்போதே முக்தர். இராமானுஜர் இரண்டையும் மறுக்கிறார். உடம்பு இருக்கும்வரை முக்தி இல்லை, முக்தி பெற்ற பிறகும் ஜீவன் ஜீவனாகவே இருந்து கைங்கரியம் செய்யும். ஆனந்தத்தில் இறைவனுக்குச் சமம், ஆனால் உலகத்தை நடத்தும் வேலை மட்டும் கைக்கு வராது. சைவ சித்தாந்தத்துக்கு வினை, உயிரைக் கட்டும் மூன்று மலங்களில் (அழுக்குகளில்) ஒன்றுதான். ஆணவமும் மாயையும் தனி. நல்வினை, தீவினை இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும் 'இருவினையொப்பு' வந்த பிறகே அங்கே திருவருள் பதியும். 'இந்து மதத்தில் மோட்சம் என்றால் இதுதான்' என்று ஒரே வரியில் சொல்கிறவர், மூன்றில் ஏதோ ஒன்றை மட்டும் சொல்கிறார்.

நம்பிக்கை: இராமானுஜர் எல்லாச் சாதிக்கும் மோட்சத்தைத் திறந்துவிட்டார், அவர் எழுத்தில் பேதமே இல்லை.

பாதி சரி. திருக்கோஷ்டியூரில், தான் நரகம் போனாலும் பரவாயில்லை என்று குருவிடம் கற்ற இரகசியத்தை எல்லோருக்கும் சொன்ன கதை காலண்டர் வரை வந்துவிட்டது. வைசிய குலத்தவரான திருக்கச்சி நம்பியை குருவாக எண்ணி வணங்கியதையும், மல்லர் குலத்துப் பிள்ளை உறங்காவில்லி தாசரை அருகில் வைத்துக்கொண்டதையும் குருபரம்பரை நூல்கள் விரும்பிச் சொல்கின்றன. ஆனால் ஸ்ரீபாஷ்யம் முதல் அத்தியாயத்தில், வேதவழியான பிரம்ம உபாசனைக்குச் சூத்திரருக்குத் தகுதி இல்லை என்ற பழைய நிலையைத்தான் அவர் நிறுவுகிறார். உபந்நியாசங்களில் இந்தப் பகுதி காதில் விழுவது அபூர்வம். கதவு திறந்தது அந்த வழியில் அல்ல, சரணாகதி என்ற வேறொரு வழியில். அதை விரித்துச் சொன்னவர்கள் அவருக்குப் பின் வந்த ஆசாரியர்கள்.

பிள்ளை லோகாசாரியர், அடியவரின் பிறப்பை ஆராய்வதே பெருங்குற்றம் என்று ஸ்ரீவசன பூஷணத்தில் எழுதினார். அவர் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில், நான்காம் வருணத்தில் பிறந்த நம்மாழ்வாரின் பெருமையை வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிறார். இராமானுஜர் மறைந்து நெடுங்காலம் கழித்தும் அப்படி வாதாட வேண்டியிருந்தது என்றால், பிறப்பைப் பழைய வினைக்கணக்கில் எழுதி ஆளை வெளியே நிறுத்தும் கட்சி ஒன்று கோயிலுக்குள்ளேயே பலமாக இருந்திருக்கிறது.