மெஷின் நின்றது, காரும் நின்றது



ஒரு வேலைக்குத் திறமை வேணுமா, வேணாமா என்று யார் முடிவு செய்கிறது? வேலை செய்கிறவங்களா, சம்பளம் போடுகிறவங்களா? இந்தக் கேள்விக்காக இங்கிலாந்தில் 187 பெண்கள் நடத்திய ஸ்டிரைக்கைப் பற்றி இம்முறை படிப்போம்.

நடந்தது என்ன?

லண்டனின் கிழக்கே டாகன்ஹாமில் இருந்த ஃபோர்ட் கார் தொழிற்சாலையில் இந்தப் பெண்கள் சீட்டுகளுக்கு உறை தைத்தார்கள். வேலைக்குச் சேரும்போதே தைத்துக் காட்டித் தேற வேண்டும். அப்படியிருந்தும் கம்பனி வேலைகளைத் தரம் பிரித்தபோது, இவர்களைத் திறமை குறைந்த 'பி' தரத்தில் போட்டது. அதற்கு மேலான 'சி' தரத்தைக் கொடுக்கவில்லை. அது மட்டுமா? அதே 'பி' தரத்து ஆணுக்கு 100 என்றால், பெண்ணுக்கு 85தான்.

1968 ஜூன் 7ஆம் திகதி மெஷின்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். சீட் உறை இல்லாமல் காரை முடிக்க ஏலுமா? கார் உற்பத்தியே நின்றுபோனது. மூன்று வாரத்துக்குப் பிறகு அமைச்சர் பார்பரா காசில் அம்மையார் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். 85 என்பது 92 ஆனது. அடுத்த வருஷம் 'பி' தரத்து முழுச் சம்பளம் என்று முடிவானது. 1970இல் சம சம்பளச் சட்டம் நிறைவேறியது. 1975 டிசம்பரில் அமுலுக்கு வந்தது.

படத்தில் வந்தது என்ன?

2010இல் நைஜல் கோல் இந்தக் கதையை 'மேட் இன் டாகன்ஹாம்' என்ற படமாக எடுத்தார். சாலி ஹாக்கின்ஸ் நடித்த தலைவி ரீட்டா கற்பனைப் பாத்திரம். உண்மையில் அது பல பெண்கள் சேர்ந்து நடத்திய போராட்டம். படத்தில் 'தரம்' பற்றிய பேச்சு ஆரம்பத்தில் வருது. பிறகு சம சம்பளம்தான் முன்னுக்கு நிற்குது. கடைசியில் வெற்றி, பார்க்கிற நமக்கும் சந்தோஷம்.

ஆனா ஸ்டிரைக் முடிந்து வேலைக்குத் திரும்பின அந்தப் பெண்கள் 'பி' தரத்திலேயேதான் இருந்தாங்க. 'சி' தரம் கிடைத்தது 1984இல், மறுபடியும் ஸ்டிரைக் செய்த பிறகு. 16 வருஷம்!

பாடம் இதுதான்: சம்பளம் சமமாவது ஒரு படி. கையில் இருக்கிற திறமையைத் திறமை என்று ஒத்துக்கொள்ள வைப்பது அடுத்த படி. முதல் படியோடு நின்றுவிடக் கூடாது.

கூடிப் பேசுவோம்

1. கொழுந்து எடுக்க என்னென்ன தெரிந்திருக்க வேணும்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.
2. அதைத் 'திறமை' என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா?
3. வீட்டில் நாம் சொல்கிறோமா?