பின்னக் கணக்கைச் சமன்பாடாக்கும் முறை

ஒருவர் மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்கும், எஞ்சியதில் கால் பங்கை மளிகைக்கும் செலவிட்டபின் 12,000 ரூபாய் மீந்தால் அவர் வருவாய் எவ்வளவு என்பன போன்ற வாக்கியக் கணக்குகளைத் தீர்க்கப் பின்வரும் படிகள் துணைபுரியும்.

• தெரியாத அளவுக்கு 'மாறி' எனப்படும் ஓர் எழுத்தை இட்டு, அது குறிப்பதை அலகுடன் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்; இங்கு வருவாய் 'வ' ரூபாய் ஆகும்.

• ஒவ்வொரு பின்னமும் எதன் பங்கு என்பதை உறுதிசெய்வதே இவ்வகைக் கணக்குகளின் உயிர்நிலை. வாடகை போக எஞ்சுவது 2வ/3 என்பதால், அதன் கால் பங்கான மளிகைச் செலவு வ/6 ஆகும். 'எஞ்சியதில்' என்பதை 'மொத்தத்தில்' எனக் கொண்டால், விடை 28,800 எனப் பிழையாகிவிடும்.

• இரு பக்கமும் சமமான கூற்றாகிய சமன்பாட்டை வ − வ/3 − வ/6 = 12,000 என அமைத்து, பின்னங்களின் கீழெண்களான பகுதிகளின் மீச்சிறு பொது மடங்காகிய 6-ஆல் இருபுறமும் பெருக்கினால், பின்னங்கள் நீங்கி 3வ = 72,000 என்றாகி, வ = 24,000 எனக் கிடைக்கும்.

• விடையைச் சமன்பாட்டில் அன்றி, வினாவின் சொற்களிலேயே பொருத்திச் சரிபார்க்க வேண்டும்: வாடகை 8,000; எஞ்சிய 16,000-இல் மளிகை 4,000; மீதம் 12,000.

சமன்பாட்டையே தவறாக அமைத்திருந்தாலும், அப்பிழையை இந்தச் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்கும் என்பதால், மாணவர்கள் இதனை ஒருபோதும் தவிர்க்கலாகாது.